மலைநாட்டு முதியோர் இல்லங்களில் இரவுக்கு எத்தனை பேர் வேண்டும்?

கொட்டகலை மகள்

என் அம்மாவுக்கு வயது 76. இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் முப்பத்தெட்டு ஆண்டுகள் கொழுந்து எடுத்தவர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் தளர்ந்துபோனது. சீனி வருத்தம் அதற்கும் முந்தியது. நானும் கணவரும் பாடசாலையில் கற்பிக்கிறோம், தம்பி கட்டாரில் இருக்கிறான். பகலில் பார்க்க ஆளில்லாமற்போகவே, கடந்த சித்திரை முதல் மலைநாட்டிலுள்ள ஒரு முதியோர் இல்லத்தில் அவரைச் சேர்த்திருக்கிறோம். இல்லத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அங்கிருப்பவர்கள் நல்லவர்கள், நல்லவர்கள் இருந்தும் இப்படி நடந்ததே என்பதுதான் என் கவலை.

சென்ற மாதம் குளிர் கடுமையாக இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். கால் தேய்த்துவிடலாமென்று வலது காலுறையைக் கழற்றினால், அது குதிக்காலில் ஒட்டிக்கொண்டு வரவில்லை. வெந்நீரில் நனைத்து மெதுவாக இழுத்தபோது உடைந்த கொப்புளத்தின் தோலும் சேர்ந்து வந்தது. அம்மா முகம் சுளிக்கவில்லை, "என்ன புள்ள பாக்குற?" என்றுதான் கேட்டார். வெள்ளிக்கிழமை இரவு கால் குளிர்கிறது என்று அவர் சொன்னதால், பராமரிக்கும் பெண் சுடுநீர்ப் பையைக் காலடியில் வைத்திருக்கிறார். அதன்பின் இரண்டு நாட்கள் அந்தக் காலுறையை எவரும் கழற்றவில்லை. அந்தப் பெண் என்னைவிட அதிகமாக அழுதார்.

அங்கே இருப்பவர்கள் 22 பேர். பகலில் இரண்டு பெண்கள், இரவில் ஒருவர். இரவில் இருப்பவர் பத்து மணிக்குப் பின் படுத்துக்கொள்வார், கூப்பிட்டால் எழுந்து வருவார். தாதி ஒருவர் வாரத்துக்கு இருமுறை வந்து பிரஷரும் சீனியும் பார்த்துவிட்டுப் போவார். இத்தனை முதியோருக்கு இத்தனை தாதியர் இருக்கவேண்டுமென்று நம் நாட்டில் சட்டம் ஏதும் உண்டா? இல்லையென்றால், ஒரு மகளாக நான் அந்த இல்லத்திடம் எதைக் கேட்பது நியாயமாக இருக்கும்?

ஓய்வுபெற்ற சிஸ்டர், பதுளை

மகள், முதலில் காலைக் கவனியுங்கள். நீரிழிவு உள்ளவரின் குதிக்காலில் தீக்காயம் என்றால், வீட்டு மருந்து போட்டுக் காத்திருக்கக்கூடாது. நாளைக்கே அருகிலுள்ள ஆதார வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைக் கிளினிக்கிற்குக் கொண்டுபோங்கள். கிளினிக் கொப்பியையும், உட்கொள்ளும் மாத்திரைகளை அட்டையோடும் எடுத்துச் செல்லுங்கள்.

இனிக் கேள்விக்கு வருகிறேன். கால் மரத்துப்போன நோயாளிக்குச் சுடுநீர்ப் பை வைக்கலாகாது என்பது தாதியத்தில் அரிச்சுவடி. ஆனால் அந்தப் பெண்ணுக்கு அதை எவரும் கற்பிக்கவில்லை. குளிர்கிறது என்று ஒரு கிழவி சொன்னதும் தன் தாய்க்குச் செய்வதைத்தான் அவளும் செய்திருக்கிறாள். அதுவும் நுவரெலியாப் பக்கத்துக் குளிரில் சுடுநீர்ப் பை இல்லாத வீடே கிடையாது. இது முதற்பிழை, அறிவு சார்ந்தது. இரண்டாவது, வெள்ளியிலிருந்து ஞாயிறு வரை அந்தக் காலை எவருமே பார்க்காதது. அது ஆட்களின் எண்ணிக்கை சார்ந்தது. தாதி ஒருவரை நியமித்தால் முதற்பிழை நேராது, ஆனால் 22 சோடிக் கால்களையும் தினமும் பார்க்க அவர் ஒருவரால் இயலாது. பராமரிப்பாளர் நால்வரைக் கூட்டினால் காலை எவராவது பார்த்திருப்பார், ஆனால் அடுத்த குளிருக்கு அவர்களில் ஒருவரும் அதே பையைத்தான் நீட்டுவார். ஆகவே "எத்தனை தாதியர்" என்று ஒற்றை எண்ணைக் கேட்பதில் எனக்கு உடன்பாடில்லை. இரண்டு எண்களைத் தனித்தனியே கேட்கவேண்டும்.

சமூகசேவைத் திணைக்களத்தில் இருந்தவன்

சட்டத்தைப் பற்றிக் கேட்டிருப்பதால் எழுதுகிறேன். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம்தான் இதற்கு அடிப்படை. தேசிய முதியோர் பேரவை, செயலகம், பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புச் செலவைக் கோருவதற்கான சபை ஆகியன அதன்கீழ் வந்தவை. முதியோருக்குச் சேவை வழங்கும் நிறுவனங்கள் பதிவுசெய்யவேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. ஆனால் இத்தனை கட்டிலுக்கு இத்தனை தாதியர் என்ற எண் அந்தச் சட்டத்தில் கிடையாது. தாதியர் தொழிலை ஒழுங்குபடுத்துவது 1988ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தின் கீழுள்ள தாதியர் பேரவை. தாதி என்று பெயர் போட்டுக்கொள்ளத் தகுதியுள்ளவர் யார் என்பதை அது கவனிக்குமேயன்றி, முதியோர் இல்லத்துக்கு எத்தனை பேர் என்பதை அல்ல.

இதில் சொற்குழப்பம் ஒன்றும் உண்டு. நம் ஊரில் "நர்சிங் ஹோம்" என்றால் பிரசவமும் சத்திரசிகிச்சையும் நடக்கும் சிறிய தனியார் வைத்தியசாலை. மேல்நாட்டுச் செய்திகளில் அதே சொல் முதியோர் நீண்டகாலம் தங்கும் இடத்தைக் குறிக்கிறது. அங்கத்தைய விதியைப் படித்துவிட்டு இங்குள்ள நர்சிங் ஹோமில் போய் வாதாடியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மெல்பேர்ணில் ஒரு பதுளையான்

நான் இங்கே முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பாளனாக ஒன்பது ஆண்டுகள் வேலை செய்கிறேன். தாதி அல்லன், ஆகையால் சிஸ்டர் சொல்வதைத் திருத்தும் தகுதி எனக்கில்லை. இங்குள்ள கணக்கு எப்படி ஓடுகிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

அவுஸ்திரேலியாவில் முதியோர் பராமரிப்புக் குறித்து விசாரித்த அரச ஆணைக்குழுவின் இறுதி அறிக்கை 2021 மார்ச்சில் வெளியானது. அதைத் தொடர்ந்து 2023 ஜூலை முதல் ஒவ்வொரு இல்லத்திலும் பதிவுபெற்ற தாதி ஒருவர் 24 மணிநேரமும் இருக்கவேண்டும் என்ற விதி வந்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் ஆளொருவருக்கு நாளொன்றுக்குச் சராசரி 200 நிமிடப் பராமரிப்பு கட்டாயமாயிற்று. 2024 ஒக்டோபரில் அது 215 நிமிடங்களாகக் கூடியது, அதில் 44 நிமிடம் பதிவுபெற்ற தாதியினுடையதாக இருக்கவேண்டும். சிஸ்டர் சொன்ன இரண்டு எண்கள் இவைதாம் என்று நினைக்கிறேன். 215 என்பது நாட்டுச் சராசரிதான்; படுத்த படுக்கையாக இருப்பவர்கள் அதிகமுள்ள இல்லத்துக்கு இலக்கு கூடும், நடமாடுபவர்கள் அதிகமென்றால் குறையும். சமையல், துணி துவைத்தல், தரை துடைத்தல் எதுவும் இந்த நிமிடங்களில் சேராது.

உங்கள் அம்மாவின் இல்லத்தை இந்தத் தராசில் வைத்துப் பார்த்தேன். 22 பேருக்கு 215 நிமிடம் என்றால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 79 மணித்தியாலம். பகலில் இருவர், இரவில் ஒருவர், பன்னிரண்டு மணிநேர முறை என்று வைத்தால் உங்களிடம் இருப்பது 36. இரவில் படுக்கும் ஏழு மணித்தியாலத்தைக் கழித்தால் 29, அதாவது ஆளுக்கு 79 நிமிடம். அந்த இரு பெண்களே துணியும் துவைத்து, வெந்நீரும் வைத்து, சமையலுக்கும் கைகொடுப்பவர்களாக இருந்தால் ஒரு மணித்தியாலம்கூட மிஞ்சாது. பாரிசவாதம் வந்தவருக்குப் புரையேறாமல் ஒரு வேளைச் சோறு ஊட்டி முடிக்கவே அரைமணித்தியாலம் ஆகும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

இல்லப் பொறுப்பாளன், ஊவாப் பக்கம்

இதைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. கேள்வி கேட்ட சகோதரியின் அம்மா இருப்பது என் இல்லத்தில் அல்ல, ஆனால் நானும் 18 முதியோரை வைத்து ஓர் இல்லத்தை நடத்துகிறேன். அவர்களில் ஏழு பேருடைய பிள்ளைகள்தாம் முழுக் கட்டணத்தையும் மாதாமாதம் அனுப்புகிறார்கள். மற்றவர்களுக்குக் கோயில், தேவாலயம், பிறந்தநாள் அன்னதானம், வெளிநாட்டிலுள்ள ஊர்க்காரர்கள் என்று எங்கெங்கோ கையேந்தித்தான் பார்க்கிறோம்.

அவுஸ்திரேலியாவில் அந்த நிமிடங்களுக்கு அரசாங்கம் பணம் கொடுக்கிறது. இங்கே எனக்கு யார் கொடுப்பார்? 70 வயதைக் கடந்த வறிய முதியோருக்கான அரச கொடுப்பனவு 2025இல் 3,000 ரூபாயிலிருந்து 5,000 ஆக உயர்ந்தது, நன்றி. படுக்கையில் இருப்பவருக்கு அது மாதத்துக்கு வேண்டிய பம்பர்ஸுக்கே போதாது. 24 மணிநேரமும் ஒரு தாதி என்றால் வாரத்துக்கு 168 மணித்தியாலம். ஆளுக்கு 45 மணித்தியாலம் என்று வைத்தாலும் நான்கு பேர், லீவையும் சுகயீனத்தையும் கணக்கிட்டால் ஐந்து பேர். பண்டாரவளையிலிருந்து மேலே ஏறிவர ஐந்து தாதியரை எனக்குக் காட்டுங்கள், சம்பளத்தைப் பிறகு பேசுவோம். சென்ற ஆண்டு விளம்பரம் போட்டுக் கிடைத்தவர் ஒரே ஒருவர். அவரும் நான்காம் மாதத்தில் வெளிநாடு போய்விட்டார். இப்படியொரு விதி நாளைக்கு வந்தால் நல்ல இல்லம், கெட்ட இல்லம் என்ற பேதமில்லாமல் மலைநாட்டில் எல்லாவற்றையும் மூடவேண்டியதுதான்.

மெல்பேர்ணில் ஒரு பதுளையான்

ஐயா, உங்கள் கோபம் எனக்கு விளங்குகிறது. அதற்குச் சாட்சியாக அமெரிக்காவே இருக்கிறது. அங்கே 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவுபெற்ற தாதி ஒருவர் நாளுக்கு எட்டு மணித்தியாலம் இருந்தாலே போதும். 2024இல் கூட்டாட்சி அரசு ஆளொருவருக்கு நாளுக்கு 3.48 மணித்தியாலம் என்றும், அதில் 0.55 பதிவுபெற்ற தாதியினுடையது என்றும், 24 மணிநேரமும் தாதி என்றும் விதி கொண்டுவந்தது. கிராமப்புறங்களில் தாதியரே இல்லை என்று இல்லக்காரர்கள் வழக்குப்போட்டார்கள். 2025 ஏப்ரலில் டெக்சஸிலுள்ள கூட்டாட்சி நீதிமன்றம் அந்த விதியை இரத்துச் செய்தது. ஜூலையில் வந்த சட்டமொன்று 2034 வரை அமுலாக்கத்தையே நிறுத்திவைத்தது. பணமுள்ள நாட்டிலேயே ஆளில்லாத எண் நிற்கவில்லை.

ஆய்வுகளைப் படிப்பவன்

தாதியர் குறைந்தால் மரணம் கூடும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. பென்சில்வேனியாவில் லிண்டா ஐக்கனும் மற்றவர்களும் செய்து 2002இல் வெளிவந்த ஆய்வின்படி, ஒரு தாதிக்கு நோயாளி ஒருவர் கூடும்போதெல்லாம் 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 வீதம் கூடுகிறது. கலிபோர்னியாவில் 2004 முதல் விகிதம் சட்டமாகவே இருக்கிறது. இதைவிட வேறென்ன வேண்டும்?

ஓய்வுபெற்ற சிஸ்டர், பதுளை

தம்பி, நீங்கள் சொல்லும் இரண்டும் வைத்தியசாலை வார்டுகளைப் பற்றியவை. அந்த ஆய்வு சத்திரசிகிச்சை நோயாளரைப் பற்றியது. வார்டில் ஒருவர் ஐந்து நாள் கிடப்பார், முதியோர் இல்லத்தில் ஐந்து ஆண்டு இருப்பார். அந்த 7 வீதத்தை இங்கே தூக்கிவந்து வைத்தால், பொறுப்பாளர் ஐயா ஒரே வரியில் உங்களை மடக்கிவிடுவார்.

ஹட்டன் பையன்

நான் பராமரிப்பாளர் பயிற்சியில் தேசிய தொழில் தகைமை நான்காம் மட்டத்தை முடித்துவிட்டு, ஜப்பானுக்குப் போவதற்காக மொழி படித்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் வகுப்பில் பாதிப்பேர் தோட்டத்துப் பிள்ளைகள். மற்றப் பாதி இஸ்ரேலுக்குப் போக நிற்கிறது. நான் போவதைப் பற்றி யாரும் அறிவுரை சொல்லவேண்டாம். அதைப் பற்றி எழுத வரவில்லை.

ஜப்பானில் அரச நிதி பெறும் விசேட முதியோர் இல்லங்களுக்கான விதியை எங்களுக்குப் பாடமாகவே சொல்லித்தந்தார்கள். தாதியும் பராமரிப்பாளரும் சேர்ந்து மூன்று முதியோருக்கு ஒருவர். இது எந்நேரமும் மூவருக்கு ஒருவர் நிற்பார் என்று பொருள்படாது. முழுநேரப் பணியாளர்களின் மொத்தத்தைக் கணக்கிட்டு, அதைப் பகல் இரவு என்று பங்கிடவேண்டும். தாதியர் தனியாக, 30 முதியோர் வரை ஒருவர், 50 வரை இருவர் என்று போகும். இரவில் தாதி இல்லத்தில் இருந்தாகவேண்டும் என்பதில்லை, தொலைபேசிக்கு வந்தால் போதும். ஆனால் இரவுப் பராமரிப்பாளருக்குத் தனி எண் உண்டு: பழைய பாணி இல்லங்களில் 25 பேர் வரை ஒருவர், 26 முதல் 60 வரை இருவர்.

இல்லப் பொறுப்பாளன், ஊவாப் பக்கம்

பார்த்தீர்களா? ஜப்பானிலேயே 25 பேருக்கு இரவில் ஒருவர்தான். சகோதரியின் அம்மா இருக்கும் இல்லத்தில் 22 பேருக்கு ஒருவர். அப்படியானால் அவர்கள் ஜப்பானிய விதியை மீறவில்லையே!

ஹட்டன் பையன்

ஐயா, அந்த ஒருவர் தூங்கக்கூடாது. அது முதல் வித்தியாசம். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை சுற்றிவந்து கொப்பியில் எழுதவேண்டும் என்றுதான் எங்களைப் பழக்குகிறார்கள். அத்தோடு, மூவருக்கு ஒருவர் என்று எண்ணினால் 22 பேருக்கு எட்டுப் பணியாளர். அந்த இல்லத்தில் மூன்று இடங்களையும் மாறிமாறி நிரப்புபவர்கள் எத்தனை பேர்? பகலில் ஆள் போதியளவு இருந்தால், மாலைக்குள் எல்லோரும் கழுவி, துடைத்து, மாத்திரை எடுத்து, கால் பார்த்து முடிந்திருக்கும். இரவுக்காரர் காவலுக்கு நின்றால் போதும். பகல் வேலையின் மிச்சமும் இரவில் வந்து விழுந்தால் ஒருவரால் என்ன செய்யமுடியும்?

ஓய்வுபெற்ற சிஸ்டர், பதுளை

பையன் சொன்னதை மூன்று முறை படித்தேன்.

அரச வைத்தியசாலையில் காலை ஏழு முதல் ஒன்று, ஒன்று முதல் ஏழு, இரவு ஏழு முதல் மறுநாள் ஏழு என்றுதான் நாங்கள் வேலை செய்தோம். பன்னிரண்டு மணித்தியாலம் நீளும் அந்த இரவில்தான் முதியவர்கள் விழுவார்கள். கழிவறைக்குப் போக எழுவார், விளக்கு எரியாது, செருப்பு எட்டாது. சிறுநீர்த் தொற்று வந்த கிழவருக்குக் காய்ச்சலே இராது. மாலையில் சம்பந்தமில்லாமல் நான்கு வார்த்தை பேசுவார், இரவில் தோட்டத்து வேலைக்குப் பேர் போடப் போகிறேன் என்று கதவைத் திறப்பார். அதை "வயதாகிவிட்டது" என்று விட்டுவிடுவதா, வைத்தியரைக் கூப்பிடுவதா என்று தீர்மானிக்கத் தாதிய அறிவு வேண்டும். ஆனால் அவர் கதவைத் திறந்ததைப் பார்க்க, விழித்திருக்கும் ஒரு சோடிக் கண்கள் போதும்.

திரும்பவும் கணக்குக்கு வருவோம். பொறுப்பாளர் ஐயா சொன்ன 168 மணித்தியாலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 24 மணிநேரமும் ஒரு தாதிக்கு வாரம் 168 மணித்தியாலம். இரவு ஏழிலிருந்து காலை ஏழு வரை விழித்திருக்கும் பராமரிப்பாளர் இருவருக்கும் வாரம் அதே 168. இருக்கும் பணத்துக்கு இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால், நான் தாதிச் சீருடை அணிந்தவள்தான், இருந்தும் இருபது முப்பது பேருள்ள மலைநாட்டு இல்லத்துக்கு இரண்டாவதைத்தான் சொல்வேன். இருவரைக் கேட்பதற்குக் காரணம், தளர்ந்த உடலைத் திருப்பிப் படுக்கவைக்க இரண்டு பேர் வேண்டும். தனியாளாக இழுத்தால் விரிப்போடு தோல் உரசும். புட்டத்திலும் குதிக்காலிலும் படுக்கைப்புண் அங்கேதான் தொடங்குகிறது. சட்டம் எழுதும் கை எனக்கிருந்தால், தாதியரின் எண்ணிக்கைக்கு முன்பாக "இரவில் உறங்காதவர் எத்தனை பேர்" என்பதைத்தான் எழுதுவேன்.

ஆனால் தாதியே வேண்டாம் என்று யாரும் இதை விளங்கிக்கொள்ளவேண்டாம். பகலில் ஒருவர் இருந்தே ஆகவேண்டும். வாரம் இருமுறை வந்து கருவியை மாட்டிவிட்டுப் போவது தாதியம் அல்ல. இன்சுலின் அளவை முந்திய நாள் சாப்பாட்டோடு ஒப்பிடுவது, புண்ணை அளந்து எழுதுவது, கதீட்டர் மாற்றுவது, மூன்று கிளினிக்குகளில் தந்த மாத்திரைகளில் ஒன்றுக்கொன்று பகையானவற்றைக் கண்டுபிடிப்பது, பராமரிக்கும் பெண்களுக்குச் சுடுநீர்ப் பையைப் பற்றிச் சொல்லித்தருவது எல்லாம் அவருடைய வேலை. ஒரு இல்லத்தால் முழுநேரத் தாதியை வைத்துக்கொள்ள முடியாதென்றால், பக்கத்தில் இருக்கும் இரண்டு மூன்று இல்லங்கள் சேர்ந்து ஒருவரை வைத்துக்கொள்ளலாம். என்னோடு ஓய்வுபெற்ற எத்தனையோ பேர் பகலில் நான்கு மணித்தியாலம் வரத் தயார். இரவுக்கு என்றால் எங்கள் முழங்கால் சம்மதிக்காது.

லயத்துப் பிள்ளை

இத்தனை பேச்சுக்குப் பதில், இல்லத்துக்குக் கட்டும் பணத்தில் தோட்டத்திலேயே ஒரு பெண்ணைச் சம்பளத்துக்கு வைத்து, தாயை வீட்டில் பார்க்கலாமே? பெற்றவளை இல்லத்தில் விட்டுவிட்டு ஜப்பான் கணக்குப் பேசுவது எனக்கு உறுத்துகிறது.

கொட்டகலை மகள்

உறுத்தல் எனக்கும் இருக்கிறது, சகோதரரே. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், எங்கள் காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. கழிவறை பதினேழு படிக்கட்டு கீழே. இரண்டு பேரை வைத்தும் பார்த்தோம். ஒருத்தி ஆறு வாரத்தில் கொழும்புக்கு ஆடைத் தொழிற்சாலைக்குப் போனாள், மற்றவள் குவைத்துக்குப் போனாள். அவர்களையும் குறை சொல்லமாட்டேன்.

சமூகசேவைத் திணைக்களத்தில் இருந்தவன்

2012 குடிசனக் கணக்கெடுப்பிலேயே நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 12.4 வீதம், அதன்பின் அந்தப் பங்கு கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை. தோட்டங்களில் இளையவர்கள் வெளியேறிய வேகத்தையும் சேர்த்துப் பார்த்தால், லயத்தில் தனித்திருக்கும் முதியோர் யார் குற்றத்தாலும் அங்கே தனித்துவிடவில்லை என்பது விளங்கும். வடக்கில் கைதடியில் அரசு நடத்தும் முதியோர் இல்லம் இருக்கிறது. மலைநாட்டில் நான் வேலை செய்த காலமெல்லாம், தமிழ் முதியவர் ஒருவருக்கு இடம் தேடினால் தர்ம ஸ்தாபனங்களின் வாசலில்தான் போய் நின்றேன்.

விதி என்று ஒன்று வரும்போது இன்னொன்றும் அதில் சேரவேண்டும். மறதி நோய் முற்றும்போது பலரிடம் பின்னால் கற்ற மொழிதான் முதலில் போகிறது. நாற்பது ஆண்டுகள் சிங்களத்தில் நன்றாகப் பேசிய கங்காணி ஒருவர், கடைசி ஆண்டில் தமிழில் மட்டும் "நெஞ்சு கரிக்குது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இரவு வேலைக்கு இருந்த பெண் நல்லவள், ஆனால் அவளுக்கு அது விளங்கவில்லை. விடியும்வரை வெந்நீர் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறாள். மலைநாட்டில் இரவில் விழித்திருப்பவர்களில் ஒருவருக்காவது முதியவரின் மொழி தெரிந்திருக்கவேண்டும். தாதியர் பயிற்சிக்கு உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு கேட்கிறார்கள். தோட்டப்புறப் பாடசாலைகளில் விஞ்ஞானப் பிரிவே நீண்டகாலம் அரிதாக இருந்ததால், நம் பிள்ளைகள் அந்தப் பக்கம் அதிகம் போகவில்லை. அதன் விலையை இன்றைக்குக் கட்டிலில் கிடப்பவர்கள் கொடுக்கிறார்கள்.

இல்லப் பொறுப்பாளன், ஊவாப் பக்கம்

இரவில் இருவர் என்பதைப் பற்றி என் மனைவியோடு நேற்று இருந்து பேசினேன். எங்களிடம் இப்போது ஒருவர் இருக்கிறார். அவரும் உறங்குவார் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இன்னொருவரை எடுத்தால் வாரத்துக்கு 84 மணித்தியாலம் கூடும். ஐந்து தாதியரோடு ஒப்பிட்டால் அதை எட்டிப்பிடிக்கலாம் போலத் தெரிகிறது. பகல் தாதியைப் பங்குபோட்டுக்கொள்ள அயலிலுள்ள இல்லத்தாரிடம் கேட்கப்போகிறேன். சிஸ்டருக்கு ஒரு கேள்வி: இரவில் தாதி இல்லாதபோது அவசரம் என்று எதை வைத்து அந்தப் பெண்கள் முடிவுசெய்வது?

ஓய்வுபெற்ற சிஸ்டர், பதுளை

சுவரில் ஒட்டிவையுங்கள், ஐயா. கூப்பிட்டால் கண் திறக்கவில்லை, மூச்சு வாங்குகிறது, வாய் கோணுகிறது, நெஞ்சு வலி என்கிறார், விழுந்தபின் காலை ஊன்ற முடியவில்லை: இவற்றில் எது நடந்தாலும் யாரிடமும் கேட்காமல் 1990 என்ற அம்புலன்ஸ் எண்ணை அழைக்கவேண்டும். இன்சுலின் போடுபவர் வியர்த்து நடுங்கினால், விழுங்க முடிகிற நிலையில் உடனே சீனித் தண்ணீர், அதன்பின் தொலைபேசி. மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. உங்கள் இல்லத்துக்குத் தோட்டப் பாதையால் வரவேண்டுமென்றால், வண்டி எந்தச் சந்தியில் திரும்பவேண்டும் என்பதையும் அதே தாளில் எழுதிவையுங்கள். இரவு இரண்டு மணிக்குப் பதறிப்போனவளுக்குத் தன் ஊர்ப் பெயரே வராது.

கொட்டகலை மகள்

மூன்று வாரத்துக்குப் பின் எழுதுகிறேன். இங்கே நீங்கள் எழுதியவற்றைத் தாளில் குறித்துக்கொண்டு இல்லத்து அம்மாவிடம் போனேன். நான்கு விடயங்களைக் கேட்டேன். பகல் தாதி வாரம் இருமுறைக்குப் பதில் நான்கு நாள் என்பதற்குச் சம்மதித்தார். அதற்காகக் கட்டணத்தைக் கொஞ்சம் கூட்டுவதற்குப் பெற்றோரை அங்கே விட்டிருக்கும் எங்களில் பன்னிரண்டு பேர் உடன்பட்டோம். இரவுக்காரர் உறங்காதிருக்க, அவருக்குப் பகல் வேலை போடுவதை நிறுத்தியிருக்கிறார்கள். இரண்டாவது ஆளுக்கு இன்னும் வழியில்லை. தை மாதம் பார்ப்போம் என்றார். சுடுநீர்ப் பைகள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, கம்பளிக் காலுறை இரண்டு சோடியாகப் போடுகிறார்கள். தினமும் காலையில் கழற்றிப் பார்க்கவேண்டும் என்பதுதான் நான்காவது.

இரவுக் கொப்பியும் தொடங்கியாகிவிட்டது. நேற்று அதைப் புரட்டிப் பார்த்தேன். செவ்வாய் இரவில் இப்படி இருந்தது: "12.15 4ஆம் கட்டில் திருப்பினேன். 2.10 4ஆம் கட்டில் தண்ணி கேட்டா, குடுத்தேன். 9ஆம் கட்டில் ஈரம், மாத்தினேன். 4.40 எல்லாரும் தூக்கம்." 4ஆம் கட்டில் என் அம்மா. 2.10க்கும் 4.40க்கும் இடையில் ஒன்றும் எழுதப்படவில்லை. அதைக் கேட்கலாமா, விட்டுவிடலாமா என்று தெரியவில்லை.

ஓய்வுபெற்ற சிஸ்டர், பதுளை

இந்த மாதம் கேட்காதீர்கள். நாற்பது ஆண்டுகள் வார்டுக் கொப்பிகளைப் பார்த்தவள் சொல்கிறேன், இரண்டு மணிக்கு ஒன்று, நான்கு மணிக்கு ஒன்று என்று ஒரே பேனாவில் ஒரே சாய்வில் நிரம்பியிருக்கும் பக்கத்தைத்தான் நான் சந்தேகிப்பேன். அது காலையில் தேனீர் குடித்துக்கொண்டே எழுதியதாக இருக்கும். இவள் நடந்ததை எழுதுகிறாள். இரண்டாவது ஆளை எடுத்தபின் அந்த இடைவெளியைப் பற்றிப் பேசுங்கள்.

குதிக்கால் எப்படி இருக்கிறது?

கொட்டகலை மகள்

ஓரம் இளஞ்சிவப்பாகி உள்ளே சுருங்கி வருகிறது, சிஸ்டர். நடுவில் ஒரு ரூபாய்க் குற்றி அளவு இன்னும் ஈரமாக இருக்கிறது. அடுத்த கிளினிக் 14ஆம் திகதி.